கொழும்பின் ஈரம்

கடனில் மூழ்கும் வீட்டுக்காரரைக் கரையேற்றும் வித்தையை உலகம் எங்களிடம்தான் படிக்க வேண்டும். போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டம் குடும்பத்துக்கு ஐந்தரை லட்சம் ரூபா தந்தது. அத்திவாரம் போட்டால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் இன்னொன்று. சீமெந்து விலை ஏறியது. நல்லகாலம், காசு ஏறவில்லை. மிச்சத்தைக் கடன்பட்டுக் கட்டச் சனம் பழகிக்கொண்டது.

கடன் கொடுக்க நுண்கடன் கம்பனிகள் வீடு தேடி வந்தன. காணி உறுதி கேட்கவில்லை. அயல் பெண்கள் சிலரின் கையெழுத்தே போதும். கிழமைக் காசு பிந்தினால் வசூலுக்கு வந்த பொடியன் படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பொழுதுபடும்வரை இருப்பான். பெற்ற பிள்ளைக்கு ஏது அந்தப் பொறுமை!

2018இல் நிதியமைச்சர் மங்கள சமரவீர மனமிரங்கினார். யாழ்ப்பாணம் உட்பட வறட்சி கண்ட 12 மாவட்டங்களில், ஒரு லட்சத்துக்கு மேற்படாமல் கடன் எடுத்து மூன்று மாதம் கட்டாதிருந்த பெண்களின் கடன் தள்ளுபடி. தாலிக்கொடியை அடகு வைத்து ஒரு தவணையும் தவறாமல் கட்டியவளை அரசு தொந்தரவு செய்யவில்லை. அவளுடைய நேர்மைக்குச் சான்றிதழாக அடகுச் சீட்டு இருக்கிறதே! வட்டியும் 35 வீதத்தைத் தாண்டக்கூடாது என்றார்கள். அதற்குமேல் கேட்பது பேராசை.

2024இல் கருணை இன்னும் பெருகியது. நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை வங்கி ஏலம்விட வழிசெய்த 1990ஆம் ஆண்டின் பராட்டே சட்டத்தை நாடாளுமன்றம் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. அசல் 50 லட்சத்துக்குக் குறைந்த கடனுக்குப் பராட்டே கிடையாது என்று 2011இலேயே திருத்தியாகிவிட்டது. ஆகவே கோடியில் கடன்பட்டவர்கள் மூச்சுவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரிக்கு அந்த ஆபத்தே இல்லாதபோது நிவாரணம் எதற்கு?

அவள் கம்பனிக் கடனை அடைக்க உறுதியைக் கொண்டுபோனது ஊர்க் காசுக்காரரிடம். அவர் பண்பானவர். வர்த்தமானி அறிவித்தல், பத்திரிகை விளம்பரம், ஏலக்காரன் கூவல் என்று ஒருவரின் மானத்தையும் வாங்கமாட்டார். நொத்தாரிசின் மேசையில், தேத்தண்ணி ஆறுவதற்குள், அறுதி உறுதி எழுதி முடிந்துவிடும். வீடு கைமாறியது பக்கத்து வளவுக்கே தெரியாது.