பிரேசில் இன்னும் எழுந்திருக்கவில்லை

நெப்ராஸ்காவில் சோளக்காட்டுக்கு நடுவே ஒரு சிற்றூர். ஆயிரத்துச் சொச்சம் ஜனம், ஒரு உயர்நிலைப் பள்ளி, இரண்டு சர்ச், ஒரு பெட்ரோல் பங்க். அங்கே சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பெண்மணி போனில், "பிரேசில் இன்னும் எழுந்திருக்கலை. ஜெர்மனி ஆறு மணிக்கே குளிச்சிட்டு உக்காந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தால், ஐ.நா. சபையில் ஏதோ பதவி போலிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். அவர் ஹோஸ்ட் அம்மா. ஒரு செமஸ்டரோ ஒரு வருஷமோ அமெரிக்கப் பள்ளியில் படிக்க வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளை வீட்டில் வைத்துச் சோறு போடுகிறவர்.

அவருக்குப் பாஸ்போர்ட் கிடையாது. கடலையே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார். அதுவும் ஃபுளோரிடாவில், மழை நாளில். ஆனால் உலகப் படத்தில் அவருக்குத் தெரியாத தேசம் குறைவு. தெரிந்த விதம்தான் வேறு. ஜப்பான் என்றால், பெட்டியைத் திறந்ததும் வீட்டில் ஒவ்வொருவருக்கும் அழகாகச் சுற்றிய பரிசு எடுத்துக் கொடுத்து, கடைசியில் நாய்க்கும் ஒன்று நீட்டிய பெண். பிரேசில் என்றால் நாளைக்கு இரண்டு குளியல், வெந்நீர்த் தொட்டி காலி. ஸ்பெயின், மாலை ஐந்தரைக்குப் பரிமாறும் இரவுச் சாப்பாட்டை டிபன் என்று எண்ணி ஒப்புக்குக் கொறித்துவிட்டு, ஒன்பது மணிக்கு ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும். ஜெர்மனி தங்கமான பிள்ளை. ஆனால் பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே போன ஜனவரியிலும், காற்று மாற வேண்டும் என்று ஜன்னல்களை விரியத் திறந்துவிடும். ஹீட்டர் பில் கட்டும் ஹோஸ்ட் அப்பா தெர்மோஸ்டாட் முன்னால் நின்று ஒரு பெருமூச்சு விடுவார். அந்த வீட்டின் வெளியுறவு விவகாரங்களில் அவருக்கு ஒதுக்கிய பங்கு அவ்வளவுதான்.

"இதுல என்ன கிடைக்கும்?" என்று நம்மூர் மூளை உடனே கேட்கும். ஒன்றும் கிடைக்காது. ஜே-1 விசாவில் வரும் பள்ளி மாணவருக்கு இடம் கொடுக்கும் குடும்பத்துக்குப் பணம் தரக் கூடாது என்பது விதி. வரிக்குரிய வருமானத்தில், அதுவும் நிபந்தனைகளோடு, மாதம் 50 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம். பதினாறு வயதுப் பையன் இருக்கும் வீட்டில் அந்த 50 டாலர் பாலுக்கும் சீரியலுக்கும் பத்து நாள் தாங்கினால் அதிசயம். காசுதான் இல்லையே தவிர, கெடுபிடிக்குக் குறைவில்லை. வீட்டில் பதினெட்டு வயது நிரம்பிய அத்தனை பேர் மீதும் குற்றப் பின்னணி விசாரணை, வீட்டுக்கே வந்து நேர்காணல், படுக்கையறை முதல் குளியலறை வரை போட்டோ. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு குடைவதில்லை.

இந்த ஏற்பாட்டை ஆரம்பித்தவர்கள் பெரிய நோக்கத்தோடுதான் ஆரம்பித்தார்கள். முதல் உலகப் போரில், 1915-ல், அடிபட்ட வீரர்களை ஆம்புலன்ஸில் ஏற்றிப்போகப் பிரான்ஸுக்குக் கிளம்பிய அமெரிக்கத் தொண்டர்களின் அமைப்பு ஏ.எஃப்.எஸ். இரண்டாவது போரையும் பார்த்துச் சலித்தபின், அடிபட்ட பிறகு தூக்குவதைவிட அடித்துக்கொள்ளாமல் வளர்ப்பது மேல் என்று 1947-ல் பள்ளிப் பிள்ளைகளை நாடு மாற்றிப் படிக்க வைக்கத் தொடங்கியது. நம் ஹோஸ்ட் அம்மாவிடம் இதைச் சொன்னால் "ஓ, அப்படியா!" என்பார். சொந்தப் பிள்ளைகள் ஒமாஹாவுக்கும் டென்வருக்கும் போயாயிற்று. இரண்டு அறை சும்மா கிடக்கிறது. அண்டா நிறையச் சமைத்துப் பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. உலக சமாதானம் தானாக வந்தால் வரட்டும்.

குடி, போதை, காதல், கார் ஓட்டுவது: ரோட்டரி வழியாக வரும் பிள்ளைகளுக்கு இந்த நான்கும் ஆகாது. முதல் மூன்றையும் அவர் கண்காணிக்கிறார். நான்காவதை அவரே செய்கிறார். ஊரில் டவுன் பஸ் என்று ஒன்று இல்லாததால், ஆகஸ்டிலிருந்து அவருடைய மினிவேன் ஓய்வதில்லை: பயிற்சிக்கு, பல் டாக்டருக்கு, டான்ஸுக்கு, வெள்ளிக்கிழமை இரவு அமெரிக்கக் கால்பந்துக்கு. அந்த ஆட்டத்தில் கையால் எறிய உள்ளூர்ப் பையன்கள் உண்டு. காலால் உதைக்கத்தான் ஆள் பஞ்சம். அதனால் ஜூலை மாதமே பள்ளிக் கோச் போன் செய்து, "இந்த வருஷம் பிரேசில் வருதா?" என்று நைசாக விசாரிப்பார்.

அக்டோபரில் 'உங்கள் நாட்டுச் சாப்பாடு' இரவு. அதுவரை பிள்ளைகள் இவருடைய டேட்டர் டாட் காசரோலையும், காரமான சில்லியோடு இனிப்பான சினமன் ரோலை வைத்துத் தின்னும் நெப்ராஸ்கா அதிசயத்தையும் சகித்திருக்கிறார்கள் இல்லையா, அதற்குப் பதில் மரியாதை. பிரேசில் ஜென்மத்தில் வெந்நீர்கூடப் போட்டதில்லை. அம்மாவை வீடியோவில் கூப்பிடுகிறது. அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, இந்த அம்மாவுக்குப் போர்த்துகீஸ் வராது. இருந்தும் முக்கால் மணி நேரம் பேசுகிறார்கள். அவர் கறுப்பு பீன்ஸைத் தூக்கிக் காட்டுகிறார். இவர் அலமாரியிலிருந்து பீன்ஸ் டின்னை எடுத்துக் காட்டுகிறார். அவர் தலையில் கை வைத்துக்கொள்கிறார். அதற்குள் கேமரா மூலையில், பையன் பாத்திரம் கழுவுவது தெரிந்துவிடுகிறது. சாவோ பாலோவில் ஒரு கூச்சல். பாட்டி ஓடி வருகிறாள், அத்தை வருகிறாள், பக்கத்து வீட்டுக்காரியும் வருகிறாள். எல்லோரும் அவன் தட்டு கழுவுவதை வரிசையாக நின்று பார்க்கிறார்கள். ஹோஸ்ட் அம்மா முகத்தில் ஒரு களை. பெற்றவளால் பதினாறு வருஷத்தில் முடியாதது அவருக்கு ஆறு வாரத்தில் முடிந்திருக்கிறது. வெளியே சொல்ல மாட்டார். ஆனால் போனைச் சற்றுத் திருப்பி, அவன் கரண்டியையும் கழுவுவது தெரியும்படி வைப்பார்.

தற்பெருமை என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவரான கிறிஸ்டின் லகார்ட், 1970களில் ஏ.எஃப்.எஸ். உதவித்தொகையில் மேரிலாண்டில் ஒரு வருஷம் படித்தவர் என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார். அதிலிருந்து சிங்க்கில் ஊறும் சீரியல் கிண்ணத்தைப் பார்த்தால் பழைய கோபம் வருவதில்லை, "இது எந்த பாங்கைக் கட்டி ஆளப்போகுதோ!" என்கிறார்.

இந்த வருஷம் ஓய்வு, முழங்கால் சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் ஒருங்கிணைப்பாளர் பொல்லாத பெண். "உங்களை வெச்சுக்கச் சொல்லவே இல்லை. ஒரே ஒரு பையன். நிரந்தரமா ஒரு குடும்பம் கிடைக்கிற வரைக்கும், எட்டே வாரம்" என்று சொல்லி, பையன் எழுதிய கடிதத்தையும் அவன் பாட்டியோடு நிற்கும் படத்தையும் அனுப்பிவைத்தார். ஹோஸ்ட் அம்மா படத்தைக் கணவரிடம் நீட்டினார்.

"ஒல்லியா இருக்கான்" என்றார் அவர்.

அந்த வீட்டில் தீர்மானம் நிறைவேறுவது இப்படித்தான். மறுநாள் வால்மார்ட்டில், படுக்கை விரிப்பும் கையுமாக நின்றவரைக் கோச் பார்த்துவிட்டார். ஓடி வந்து "எந்த நாடு?" என்றார். ஃபின்லாந்து என்றதும் முகம் தொங்கிவிட்டது. "அங்கே ஐஸ் ஹாக்கிதானே ஆடுவாங்க?"

"போட்டோவுல பார்த்தேன். நல்ல நீளக் கால்" என்று தைரியம் சொல்லிவிட்டு, இரண்டு கேலன் பாலைத் தூக்கி வண்டியில் வைத்தார் ஹோஸ்ட் அம்மா.