முதல் சுற்று தேசபக்தர்கள்

ஜூன் மாதக் கடைசியில் இடவப்பாதி மழை குருசுமலைக்கு முக்காடு போட்டுவிடும். ரப்பர்க் கொப்பு முறிந்து கம்பியில் விழும், கேரள எல்லையில் எங்கள் வெள்ளறடை முழுக்கக் கரண்ட் போகும். அந்த நேரம் பார்த்துத்தான் லண்டனில் விம்பிள்டனைத் தொடங்குவார்கள். அங்கே காலை பதினொன்று, இங்கே பிற்பகல் மூன்றரை. முதல் இரண்டு நாளில் ஆண்கள் 128 பேரும் பெண்கள் 128 பேரும் இறங்கி, பாதிப் பேர் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். இறுதி ஆட்டத்தை எவனும் பார்ப்பான். முதல் சுற்றை, அதுவும் இந்தியாவில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத் தனி மனத்திடம் வேண்டும். விம்பிள்டனுக்கு ஒரு செயலியில் சந்தா, பாரிஸுக்கும் மெல்போர்னுக்கும் வேறொரு செயலியில் சந்தா. அத்தனையும் கட்டி, 2025 விம்பிள்டனின் ஒற்றையர் பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்துப் பார்த்தாயிற்று. இந்தியப் பெயர் ஒன்றுகூடக் கிடையாது.

பனச்சமூடு சாயக்கடையில் ஒரு பாட்டா என் போனை எட்டிப் பார்த்தார்.

"இது பணக்காரம்மார் வெளையாட்டுல்லா மக்களே. நம்ம ஆளு வல்லவனும் உண்டா?"

"இல்ல பாட்டா."

"பின்ன எதுக்குக் கெடந்து கண்ணு முழிக்கே?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் பாட்டா பிறந்த காலத்தில் "நம்ம ஆளு" ஒருவர் இருந்தார். மார்த்தாண்டம் வழியாகப் பஸ் பிடித்தால் போய்ச்சேருகிற நாகர்கோவிலில் 1937 இல் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன். அன்றைக்கு நாகர்கோவிலும் வெள்ளறடையும் ஒரே திருவிதாங்கூர். மாநில எல்லைக் கோடு கிழிக்க இன்னும் 19 வருஷம் கிடந்தது. 1954 இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வாங்கினார். 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி. முதல் தடவை நீல் ஃப்ரேசரிடம் தோற்றார், அடுத்த தடவை ராட் லேவரிடம். இரண்டு பேருமே அந்தந்த வருஷம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்.

ஒருவகையில் கிருஷ்ணன் கோப்பையை வாங்காமல் விட்டது நல்லதாயிற்று. வாங்கியிருந்தால் 1956 நவம்பர் 1 ஆம் தேதி முடித்துவைத்த எல்லைத் தகராறு திரும்பவும் கிளம்பியிருக்கும். ஆள் திருவிதாங்கூர்ப் பிரஜை என்று கேரளமும், நாகர்கோவில் எங்கள் ஜில்லா என்று தமிழ்நாடும் சிலை வைக்க முண்டியடித்திருக்கும். தமிழ் பேசுகிற சனம் குடியிருந்த நெய்யாற்றின்கரைத் தாலுகாவைக் கைகழுவியபோது தமிழ்நாட்டுக்கு வராத ரோஷம், வெண்கலச் சிலை என்றால் தானாக வரும்.

பிறகு விஜய் அமிர்தராஜ் 1973 இலும் 1981 இலும் விம்பிள்டன் காலிறுதி. கிருஷ்ணனின் மகன் ரமேஷ் 1986 இல் அதே காலிறுதி. இரட்டையரில் பயஸ், பூபதி, சானியா என்று கோப்பைகள் வந்தன. 43 வயதில் ரோகன் போபண்ணா 2024 இல் மெல்போர்னில் ஒன்று வாங்கினார். ஒற்றையரில் மட்டும் நாடு முதல் சுற்று வாசலிலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டது. 140 கோடிப் பேர் படுக்கிற அளவுக்கு அந்த வாசல் அகலம்.

சென்னைக்காரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரனை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் எலும்பில் விரிசல் விழுந்து இளமையின் நல்ல வருஷங்களைப் பறிகொடுத்தவர். திரும்பி வந்து, 2019 இல் உலகத் தரவரிசையில் 75 வரை ஏறினார். அந்த ஒரே வருஷத்தில் நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் ஒற்றையர் ஆடினார். மெல்போர்னில் டியாஃபோ, பாரிஸில் டெல்லியன், லண்டனில் ரயோனிச், நியூயார்க்கில் மெத்வெதேவ். நான்கும் முதல் சுற்றிலேயே முடிந்தன. மறுநாள் பத்திரிகையில் மூலையில் நான்கு வரி: "இந்தியாவின் சவால் முடிவுக்கு வந்தது." எந்த இந்தியா, ஐயா, சவால் விட்டது? பிஸியோவுக்குக் காசு கொடுத்த இந்தியாவா? விமான டிக்கெட் எடுத்துக்கொடுத்த இந்தியாவா? சவால் விட்டது ஒரு மனுஷன், கூட அவன் வீட்டார். தோற்றபோது மட்டும் நாட்டின் பெயரைப் போட்டார்கள்.

ராம்குமார் ராமநாதன் கதை இதைவிடக் கொடுமை. 2017 இல் துருக்கியில் உலகின் 8 ஆம் நிலையில் இருந்த டொமினிக் தீம் என்பவரை வீழ்த்தியவர். கிராண்ட்ஸ்லாம் தகுதிச் சுற்றில் இருபது தடவைக்கு மேல் மோதிப் பார்த்தார். மூன்று ஆட்டம் ஜெயித்தால்தான் பிரதானச் சுற்றின் வாசற்படியைத் தொடலாம். 2021 இல் விம்பிள்டன் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம், ஐந்தாவது செட்டில் 9-11. அந்த ஆட்டத்துக்கு எந்தச் சேனலிலும் சிறப்பு நிகழ்ச்சி கிடையாது. அதே வாரம் எந்தக் கிரிக்கெட் வீரர் எந்தக் கடற்கரையில் இளநீர் குடித்தார் என்று தேடிப் பாருங்கள், படத்தோடு கிடைக்கும்.

இனி சுமித் நாகல். 2023 செப்டம்பரில் அந்த மனுஷன் வாய்விட்டே சொன்னார்: வங்கிக் கணக்கில் 900 யூரோ இருக்கிறது. நம் காசில் 80,000 ரூபாய். நாட்டின் முதல்நிலை ஒற்றையர் ஆட்டக்காரர்! பனச்சமூடு சந்தையில் பலாப்பழ மொத்த வியாபாரம் செய்கிறவர் ஒரு சீசனில் இதைவிடக் கூடுதல் புரட்டுவார். அடுத்து டேவிஸ் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக இஸ்லாமாபாத்தில் ஆட முடியாது என்றார் நாகல். அகில இந்திய டென்னிஸ் சங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. ஆஸ்திரேலிய ஓபனின் ஆசிய பசிபிக் வைல்டு கார்டுக்கு அவர் பெயரைச் சிபாரிசு செய்யவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னபேச்சுக் கேளாத பையனை மைதானத்துக்கு விடாத அதே மகா தந்திரம்.

பையன் பின்வழியாக ஏறிக் குதித்தான். தகுதிச் சுற்றில் மூன்று பேரை ஜெயித்தான். 2024 ஜனவரி 16 ஆம் தேதி, போட்டித் தரநிலையில் 31 ஆம் இடம் பெற்ற அலெக்சாண்டர் பப்ளிக்கை 6-4, 6-2, 7-6 என்று நேர் செட்டில் கிடத்தினான். போட்டித் தரநிலை பெற்ற ஒருவரைக் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் ஓர் இந்தியர் வீழ்த்தியது 35 வருஷத்துக்குப் பிறகு. அதற்கு முந்தையது 1989 இல் அதே மெல்போர்னில் ரமேஷ் கிருஷ்ணன், உலகின் முதல்நிலை மாட்ஸ் விலாண்டரை வீழ்த்தியது.

அன்று மத்தியானத்துக்குள் நாட்டில் டென்னிஸ் தெரியாத ஆளே இல்லை. பேக்ஹேண்டு என்றால் லஞ்சம் வாங்கும் கை என்று நினைத்திருந்தவர்கள்கூட அதன் கோணத்தைப் பற்றிப் பேசினார்கள். தலைவர்கள் வாழ்த்தினார்கள், தலைவர்களின் உதவியாளர்கள் தலைவர்களின் வாழ்த்தைப் பரப்பினார்கள். 900 யூரோ செய்தி வெளியானபோது இந்தக் கூட்டம் எங்கே போயிருந்தது? நாகல் இரண்டாம் சுற்றில் சீனப் பையன் ஷாங் ஜுன்செங்கிடம் தோற்றதும், வந்த வழியே மறைந்துபோயிற்று. அதே வருஷம் செப்டம்பரில் சங்கம் இன்னொரு குற்றப்பத்திரிகை வாசித்தது: டேவிஸ் கோப்பையில் ஆட நாகல் 50,000 டாலர் கேட்டாராம்! தொழில்முறை ஆட்டக்காரன் ஆட்டத்துக்குக் கூலி கேட்பது வழக்கம்தானே என்றார் அவர். ரப்பர் வெட்டுகிறவன் கூலி கேட்டால் தோட்ட முதலாளிக்குத் தேசபக்தி பொங்குவதை நாங்கள் தலைமுறையாகப் பார்த்துவருகிறோம், ஆகவே ஆச்சரியப்படவில்லை.

"தோற்றாலும் காசுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மை, 2025 விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்றவருக்கு 66,000 பவுண்டு, ஏறக்குறைய 75 லட்சம் ரூபாய். அந்த 75 லட்சம் வரை போய்ச்சேர வேண்டுமே! 128 இடத்தில் 104 தரவரிசைக்காரர்களுக்கு, 16 தகுதிச் சுற்றில் தேறியவர்களுக்கு, எட்டு வைல்டு கார்டுக்கு. கீழ்த்தட்டில், 15,000 டாலர் மொத்தப் பரிசு உள்ள போட்டிகளில், முதல் சுற்றில் தோற்றால் கையில் கிடைப்பது 150 டாலர் சொச்சம். அதில் ரூம் வாடகை, சாப்பாடு, மட்டைக்கு நரம்பு, அடுத்த ஊருக்கு டிக்கெட், எல்லாம் அடங்க வேண்டும். சங்கத்துக் கூட்டம் ஒன்றுக்கு ஐந்து நட்சத்திர ஓட்டலில் வைக்கிற முந்திரிப் பருப்பு அதில் அடங்குமா என்று யாராவது கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சங்கத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. டெல்லியில் டென்னிஸ் மைதானத்துக்கு ஆர்.கே.கன்னா பெயர், சங்கத்தை நடத்தியவர். பிறகு அவர் மகன் அனில் கன்னா தலைவரானார். தரவரிசைப் புள்ளி ஆட்டக்காரனுக்கு 52 வாரத்தில் காலாவதி ஆகிவிடும். நிர்வாகியின் புள்ளிகள் வாரிசுரிமையில் இறங்குகின்றன. 2020 இல் தலைவரான அனில் ஜெயின் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தவர். 2024 செப்டம்பரில் தேர்தல் நடந்தபோது, முடிவை முத்திரை உறையில் போட்டு வைக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லவேண்டியதாயிற்று. வழக்குத் தொடுத்த சோம்தேவ் தேவ்வர்மனும் பூரவ் ராஜாவும் இந்தியாவுக்காக ஆடியவர்கள். ஆடியவன் நீதிமன்றப் படி ஏறுகிறான், ஆடாதவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறான்.

மாநிலங்கள் என்ன வாழ்ந்தன? சென்னை ஓபன் என்று ஒன்று நுங்கம்பாக்கத்தில் ஜனவரிதோறும் நடந்தது. நடால் வந்தார், வாவ்ரிங்கா நான்கு தடவை பட்டம் வாங்கினார். 2017 ஓடு முடிந்தது. 2018 இல் புனேக்குப் போனது, 2023 க்குப் பிறகு அங்கேயும் இல்லை. இன்றைக்கு ஆண்களுக்கு அந்த மட்டத்தில் ஒரு போட்டிகூட இந்த நாட்டில் கிடையாது. வெளிநாட்டான் முதல் சுற்றில் ஆடுவதைக் கேலரியில் உட்கார்ந்து பார்க்கிற வாய்ப்பும் போயிற்று.

கேரளத்துக்கோ ஒரே கண், அதிலும் ஒரே பந்து. கால்பந்து உலகக்கோப்பை வந்தால் அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் ஆளுயரம் போதாது, தென்னை உயரத்துக்குக் கட்அவுட். மெஸ்ஸியை அழைத்துவரப் போகிறோம் என்று விளையாட்டு அமைச்சர் ஸ்பெயின் வரை போய்வந்தார். அந்தப் பயணத்துக்கு 13 லட்சம் செலவானதாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் வெளிவந்தது. 2025 நவம்பர் வந்தது, மெஸ்ஸி வரவில்லை. 2015 தேசிய விளையாட்டுப் போட்டியை நடத்திய மாநிலம் இது. அதில் எந்த வீரன் எதில் தங்கம் வாங்கினான் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. தொடக்க விழாவில் மோகன்லாலின் "லாலிசம்" பாட்டுக்கச்சேரியும், அதற்குக் கொடுத்த 1.63 கோடியும், எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திருப்பித் தருகிறேன் என்று அவர் அறிவித்ததும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. நாகலின் 80,000 ரூபாயை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வயிறு எரிந்தது.

இந்தப் பக்கத்துப் பிள்ளை ஒன்று மட்டையைத் தூக்க ஆசைப்பட்டால் என்ன செய்யும்? சுற்றியுள்ள ஓட்ட இடத்தோடு ஒரு டென்னிஸ் கோர்ட்டுக்கு 120 அடி நீளம், 60 அடி அகலம் வேண்டும். எங்கள் கணக்கில் பதினாறரை சென்ட். வெள்ளறடையில் பதினாறரை சென்ட் சமநிலம் கிடந்தால் அதில் ரப்பர் நிற்கும், ரப்பர் நிற்காவிட்டால் அண்ணன் தம்பி வழக்கு நிற்கும். வேடிக்கை என்னவென்றால் டென்னிஸ் பந்தின் உள்ளே இருப்பதும் ரப்பர்தான். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவனுக்கு அந்த விளையாட்டோடு உள்ள சம்பந்தம் அவ்வளவில் முடிகிறது. அவன் மகன் பஞ்சாயத்துக்கு மனுக் கொடுத்தால், மாவட்டக் கவுன்சிலைப் பார் என்பார்கள். அங்கே போனால் கோர்ட் எல்லாம் தலைநகரத்தில் உண்டே என்பார்கள். தமிழில் படித்தவன் என்றால் எல்லை தாண்டிக் கன்னியாகுமரியில் கேட்டுப் பார் என்று கூடுதலாக ஓர் இலவச ஆலோசனை. அங்கே போனால் ரேஷன் கார்டு கேரளத்து முகவரியில் இருக்கிறதே என்பார்கள். இரண்டு அரசும் இவ்வளவு சுத்தமாகப் பந்தைத் திருப்பி அடிப்பதை எந்த விம்பிள்டனிலும் பார்க்க முடியாது.

ஆகவே என் பங்குக்கு ஒரு போட்டி அறிவிக்கிறேன். அகில இந்திய விளையாட்டு நிர்வாகிகள் கோப்பை. இடம்: வெள்ளறடை, வழக்குத் தீர்ந்தால் பதினாறரை சென்ட். சங்கத் தலைவர்கள், செயலாளர்கள், துணைத் தலைவர்கள், துணைத் தலைவர்களின் மருமகன்கள் எல்லாரும் பெயர் கொடுக்கலாம். வைல்டு கார்டு கிடையாது, மூன்று சுற்றுத் தகுதிப் போட்டி கட்டாயம். சொந்தக் காசில், சாதா வகுப்பில், இரண்டு இடத்தில் விமானம் மாறி வரவேண்டும். எதிராளியோடு ஒரே ரூமில் படுக்க வேண்டும். ஃபேன் உண்டு, கரண்டுக்கு உத்தரவாதம் இல்லை. மட்டைப் பையைத் தானே சுமக்க வேண்டும். மழை வந்தால் ரப்பர் மூட்டில் ஒதுங்கிக்கொள்ளலாம். அட்டை கடித்தால் போட்டிக் குழு பொறுப்பல்ல. பேர் கொடுத்து வராதவர் அடுத்த வருஷத் தேர்தலில் நிற்கக் கூடாது. முதல் சுற்றில் தோற்றவருக்கு 150 டாலர், வரிப் பிடித்தம் போக.