பொன்னாடை போர்த்திய பெருந்தகையீர்

ஆற்றுக்குப் பொறுப்பான மாண்புமிகு அலுவலகத்தாருக்கு, லண்டன் கென்டன் பக்கத்து ஓடைக்கரைத் தொண்டர்கள் எழுதும் நன்றி மடல்.

பெருந்தகையீர்,

தாங்கள் அனுப்பிய பொட்டலம் வந்து சேர்ந்தது. எங்கள் புகார் எண்ணுக்கு நேரே 'முடிக்கப்பட்டது' என்று அச்சிட்ட ஒரு தாள். அதன் கீழே மடித்து வைத்த மஞ்சள் மேற்சட்டைகள், இருட்டில் மினுங்கும் ரகம், எல்லாம் எக்ஸ்எல். ஊரில் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துவதென்றால் மேடை போட வேண்டும், மைக் பிடிக்க வேண்டும், நாலு பேர் கூசாமல் புளுக வேண்டும். தாங்களோ எல்லாவற்றையும் தபாலிலேயே முடித்துவிட்டீர்கள்.

தங்கள் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. இந்த வீல்ட்ஸ்டோன் ஓடைக்குக் கவுன்சில் உண்டு, நீர் நிறுவனம் உண்டு, சுற்றுச்சூழல் முகமை உண்டு. ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் கைகாட்டுவார். ஆகவே கடிதம் யார் மேசையில் விழுந்தாலும் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கும்.

அதிகாரி நேரில் வந்து பார்த்ததாகவும், அப்போது மாசு எதுவும் தென்படவில்லை என்றும், வாடை என்பது ஆளுக்கு ஆள் மாறுபடும் என்றும் அந்தத் தாளில் கண்டோம். அவர் வந்தது வேலைநாள் மத்தியானம். நாங்கள் சொன்னது ஞாயிறு காலை. கென்டன் முழுக்கத் துணி துவைக்கிற நேரம் அது. ஓடைக்குள் விழும் குழாயின் வாயில் சாம்பல் நிறத்தில் பஞ்சு போல ஒன்று பிடித்துத் தொங்கும்; அதற்குள்ளிருந்து நுரை புரண்டு வரும், துணிக்குப் போடும் வாசனைத் திரவத்தின் மணத்தோடு. கொஞ்ச நேரத்தில் வேறொரு மணமும் சேர்ந்துகொள்ளும். அதை இன்னதென்று சொன்னவர் எங்கள் குழுத் தலைவி. ஆயுள் முழுக்க ஆஸ்பத்திரி வார்டில் தாதியாக நின்று ஓய்வு பெற்றவர். அவருடைய மூக்குக்குத்தான் தாங்கள் சான்று கேட்டிருக்கிறீர்கள். பொன்னாடையில் ஒன்றை அந்த மூக்குக்கும் கத்தரித்துக் கொடுத்திருக்கலாம்.

தாங்கள் அறியாததல்ல. நகரின் நடுப்பகுதியில் மழைநீருக்கும் கழிவுக்கும் ஒரே சாக்கடை; எங்கள் பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் குழாய். பின்வளவில் எக்ஸ்டென்ஷன் போட வந்த பில்டர் வாஷிங் மெஷினையும் சில வேளை டாய்லெட்டையும்கூட மழைநீர்க் குழாயில் கொழுவிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அது நேரே ஓடைக்கு, ஓடையிலிருந்து பிரென்ட் ஆற்றுக்கு, பிரென்ட்ஃபோர்டில் தேம்ஸுக்கு. 25 கிலோமீட்டர் நீளத்தில் பெரும்பாலும் தேம்ஸுக்கு அடியில் தோண்டிய புதுச் சுரங்கம் 2025 பிப்ரவரியில் முழுதாக இணைக்கப்பட்டதற்கு வாழ்த்துகள். அது மழையில் நிரம்பி வழியும் நடுநகரச் சாக்கடைக்குத்தான். வெயில் நாளில் எங்கள் ஓடைக்குள் வருவதை அது ஏந்தாது.

மேற்கே கிரேன் ஆற்றில் 2011இல் ஹீத்ரோ பக்கம் சாக்கடை மதகு பழுதாகி ஆயிரக்கணக்கில் மீன் செத்தது. அதற்குப் பிறகு, 2014 முதல், அங்குள்ள தொண்டர்கள் மாதாமாதம் ஆற்றில் இறங்குகிறார்கள். மூன்று நிமிடம் அடிச்சரளைக் கற்களைக் காலால் கிளறி, வலையில் விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டி, நன்னீர் இறாலையும் மேஃப்ளைக் குஞ்சையும் எண்ணுவார்கள். 2016இல் லண்டன் விலங்கியல் சங்கத்தோடு சேர்ந்து ஆற்றில் விழும் குழாய்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து மதிப்பெண் போடவும் தொடங்கினார்கள். அதற்கு 'சஃபாரி' என்று பெயர். சிங்கம் தெரியாது, டிஷ்யூ தெரியும். எங்கள் தலைவியும் இதையெல்லாம் கற்றுக்கொண்டு வந்துதான் படத்தோடும் மதிப்பெண்ணோடும் தங்களுக்கு அனுப்பினார். அதற்கு மேல் ஆபத்து மதிப்பீட்டுப் படிவம், காப்புறுதி, பார்க் கேட் சாவிக்கு அலைச்சல், தாங்கள் பிஸ்கட் வைத்து நடத்தும் கூட்டங்கள். சம்பளம் என்று ஒரு பென்னியும் கிடையாது. பொன்னாடை உண்டு.

இன்னொரு சந்தேகம். முதன்மை ஆறு என்று வகுத்த நீரோட்டத்தின் கரையிலிருந்து 8 மீட்டருக்குள் மண்ணைக் கிளறி வேலை செய்ய முன் அனுமதி வேண்டும் என்று விதியை எடுத்துக் காட்டியிருக்கிறீர்கள். பணிகிறோம். அந்தக் குழாய் 8 மீட்டருக்குள்தான் இருக்கிறது. அதனிடம் அனுமதிச் சீட்டு கேட்டீர்களா? இல்லை, மேற்சட்டை போடாததால் தங்கள் கண்ணில் படவில்லையா?

2024இல் மட்டும் இங்கிலாந்தின் ஆறுகளிலும் கடலிலும் 36 லட்சம் மணி நேரத்துக்கு மேல் சாக்கடை திறந்துவிடப்பட்டது என்று அரசுக் கணக்கே சொல்கிறது. 2025 மே மாதம் தேம்ஸ் வாட்டருக்கு 12.27 கோடி பவுண் அபராதம். அதையும் பொன்னாடைக் கணக்கில் சேர்க்கலாமா என்று எங்கள் பொருளாளர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணை, கேட்கிறார்.

போன கிழமை ஒரு பிள்ளை, நாலு வயதிருக்கும், பார்க் ஓடையில் கை விட்டு அளைந்துகொண்டு நின்றது. தலைவி ஓடிப்போய்த் தூக்கினார். தாய்க்காரி இவர் மேல் பாய்ந்தாள், என் பிள்ளையை ஏன் தொடுகிறாய் என்று. அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அங்கே ஒரு பலகை இல்லை. பலகை வையுங்கள் என்று நாங்கள் கேட்ட மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. வெட்கமாக இல்லையா உங்களுக்கு? கூலி வாங்குகிறவர்கள் நீங்கள். பிள்ளையைத் தூக்குவது பென்ஷன் எடுத்த மனுஷியா?

மன்னிக்கவும், பெருந்தகையீர், பேனா வழுக்கிவிட்டது. 1858 கோடையில் தேம்ஸ் நாறியபோது நாடாளுமன்றத்தில் திரைச்சீலைகளைக் குளோரைடு சுண்ணாம்பில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். பிறகு அவசரம் அவசரமாகச் சட்டம் போட்டுப் பொறியாளர் பேசல்ஜெட்டிடம் சாக்கடை கட்டக் கொடுத்தார்கள். அந்தக் கனவான்களுக்கு வாடை ஆளுக்கு ஆள் மாறுபடவில்லை போலும். ஓடை தங்கள் ஜன்னலுக்குக் கீழே ஓடாதது எங்கள் துரதிர்ஷ்டம்.

ஆகவே ஒரு விண்ணப்பம். வருகிற ஞாயிறு காலை எட்டரைக்கு, துவைப்பு தொடங்குமுன், தாங்களே எழுந்தருள வேண்டும். தலைவி பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டு வருவார். குழாய்க்கு மேலே நிற்பதா கீழே நிற்பதா என்பது தங்கள் விருப்பம். பூட்ஸ் அளவை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் அறியத் தாருங்கள். எங்களிடம் ஏழும் ஒன்பதும்தான் இருக்கின்றன, ஒன்பதில் இடது கால் ஒழுகும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள தொண்டர்கள்