பித்தம் என்று சொல்லிவைத்தேன்

22 வருடமாகக் கரும்பலகையில் காது வரைகிறேன். பதினொன்றாம் வகுப்பு, விலங்கியல். மடலை வரைந்து, சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்பையும் தொங்கவிட்டு, உள்காதுக்கு வந்ததும் நீலச் சாக்பீஸை எடுப்பேன். ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று அரைவட்டக் கால்வாய்கள். அதில் எனக்குக் கை தேர்ந்துவிட்டது. பிள்ளைகள் வைத்த பட்டப்பெயரே 'மூணு வளையம்'தான். அந்த மூன்றில் ஒன்று என் தலைக்குள்ளேயே மக்கர் பண்ணியபோது நான் செய்த முதல் காரியம், கால் கிலோ எலுமிச்சம்பழம் வாங்கியது.

2024 ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தல். கல்வராயன் மலையில் ஒரு வாக்குச்சாவடிக்கு என்னைத் தலைமை அலுவலராகப் போட்டிருந்தார்கள். முதல் நாளே இயந்திரங்களோடு வண்டி ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டே வளைவு வளைவாக மேலே போய், வெள்ளிமலையையும் கடந்து ஒரு சின்னப் பள்ளிக்கூடம். இரவு சாமைச் சோறும் குழம்பும் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. இரண்டு பெஞ்சை இழுத்துப் போட்டுப் படுத்தேன். தலைக்கு உயரம் வைக்க ஒன்றுமில்லை.

விடிகாலை நாலரைக்கு வலது பக்கம் புரண்டேன். கரண்ட் இல்லை, ஆனாலும் மேலே விசிறி சுற்றியது. விசிறி மட்டுமா, அதைத் தாங்கிய கூரையும், கூரையைத் தாங்கிய சுவரும் ஒரே பக்கமாகச் சுற்றின. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், ராட்டினத்தில் உட்கார்ந்த குழந்தை மாதிரி. ஒரு நிமிஷம்கூட இருக்காது, நின்றுவிட்டது. எழுந்து உட்கார்ந்தேன், மறுபடியும் ஒரு சுற்று. வெளியே ஓடி வாந்தி.

"மலைச் சாப்பாடு ஒத்துக்கல" என்று சத்தமாகவே சொன்னேன். சோறு கொடுத்த அம்மா கடுங்காப்பியோடு வாசலில் நின்றது எனக்குத் தெரியாது. ஒன்றும் சொல்லாமல் டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். ஒரே பானைச் சோற்றை நாங்கள் நான்கு பேர் சாப்பிட்டோம், தலை சுற்றியது ஒருவனுக்குத்தான். பரிசோதனையில் ஒப்பீட்டுக் குழு ஏன் வேண்டும் என்று அரை மணி நேரம் பாடம் நடத்துகிறவனுக்கு இது உறைக்கவில்லை.

ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது 50 ஓட்டுப் போட்டுக் காட்டி, அழித்து, சீல் வைக்க வேண்டும். குனிந்தால் உலகம் சாய்கிறது. நிமிர்ந்து பார்த்தால் அதைவிட மோசம். ஆகவே குனிகிற வேலையெல்லாவற்றையும் முதல் அலுவலரிடம் தள்ளிவிட்டு, நாற்காலியில் ஐயனார் மாதிரி உட்கார்ந்துகொண்டேன். யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடம்பு மொத்தத்தையும் திருப்பினேன். சாயங்காலம் ஒரு கட்சி ஏஜென்ட் கைகொடுத்துச் சொன்னார்: "இவ்ளோ கண்டிப்பான ஆபீசரை நான் பார்த்ததே இல்ல சார்." நன்றி என்று சொன்னேன், தலையை அசைக்காமல்.

கீழே இறங்கியதும் வீட்டில் காரணம் சொல்ல வேண்டுமே. பித்தம் என்று சொல்லிவைத்தேன். நம் ஊரில் தலை சுற்றினால் பித்தம், வாய் கசந்தால் பித்தம், நரைத்தால் பித்தம். எலுமிச்சம்பழத்தைத் தலையில் தேய்த்தேன், சுக்குக் காப்பி குடித்தேன், காலை டீயை விட்டேன். பி.பி. பார்த்தேன், சரியாக இருந்தது. சர்க்கரையும் சரி. அப்படியானால் கழுத்து எலும்புத் தேய்மானம்தான் என்று நானே முடிவு செய்து, மெடிக்கலில் ஒரு கழுத்துப் பட்டை வாங்கி மாட்டினேன். அது கொஞ்சம் வேலை செய்தது. தலையை ஆட்ட முடியாமல் கட்டிப்போட்டால் எந்தத் தலைதான் சுற்றும்? ராத்திரி சாய்வு நாற்காலியிலேயே தூங்கினேன். யாரோ சொன்னார் என்று பீட்டாஹிஸ்டின் மாத்திரையையும் வேளைக்கு ஒன்றாகப் போட்டேன். பத்து நாளில் தானாகவே குறைந்தது. மாத்திரை கேட்டது என்று ஆசிரியர் அறையில் நான்கு பேருக்குச் சிபாரிசு வேறு.

ஜூனில் மறுபடி வந்தது. அந்த மாதம் கள்ளக்குறிச்சியில் எப்படி இருந்தது என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கும் மேல் கொன்றிருந்தது. வேறு சமயம் என்றால், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருவன் தெருவில் நின்றால் நாலு பேர் சிரித்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு ஓடி வந்தார்கள். மேலே கட்டியிருந்த ஃப்ளெக்ஸைப் படிக்க அண்ணாந்து பார்த்ததுதான் நான் செய்த தப்பு. இரண்டு பேர் தோளைத் தாங்கிக்கொண்டார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் முகத்துக்கு நேராக விரலை நீட்டி, "கண்ணு தெரியுதாங்க? எத்தன விரல்?" என்று கேட்டார். மெத்தனால் முதலில் பார்வையைத்தான் பிடிக்கும் என்பது அந்த வாரம் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. நான் விரலை எண்ணவில்லை. "நான் குடிக்கிறவன் இல்ல, வாத்தியார்!" என்று கத்தினேன். அவ்வளவு பயத்தோடு ஓடி வந்தவர்களுக்கு நான் கொடுத்த பதில் அது. ஆட்டோ பிடிக்கப் போன பையன் திரும்பி வருவதற்குள் சந்துக்குள் நுழைந்து தப்பித்துவிட்டேன்.

அன்றிரவு பெரியப்பா ஞாபகம் வந்தது. அவருக்கு இளம் வயதில் காசநோய். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி நிறையப் போட்டுக்கொண்டு பிழைத்தவர். பகலில் சாதாரணமாக நடப்பார். இருட்டினால் வரப்பில் கால் தடுமாறும். வீட்டுக்குள் போகக்கூட டார்ச் லைட் வேண்டும். அந்த நடையைக் கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டி நான் கைதட்டு வாங்கியிருக்கிறேன். 1943-இல் கண்டுபிடித்த அந்த மருந்து காசநோய்க் கிருமியைக் கொல்லும். கூடவே உள்காதில் சமநிலைக்கான மயிர்ச்செல்களையும் தின்றுவிடும். மனிதனுக்கு அந்தச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை. அதன் பிறகு கண்ணும் பாதமும்தான் காதுக்குப் பதில் வேலை பார்க்க வேண்டும். இருட்டில் கண்ணும் கைவிட்டுவிடும். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய சென்னைக் காசநோய் ஆய்வு மையம், வாரத்துக்கு இரண்டு ஊசி போதுமா என்று அடுத்த பத்தாண்டில் சோதித்துப் பார்த்தது. பெரியப்பாவுக்கு எத்தனை ஊசி போட்டார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. டார்ச் லைட் பாம்புக்காக என்றே நினைத்திருந்தேன்.

ஆவணியில் என் மனைவி பொறுமை இழந்தாள். "ஏங்க, ஒண்ணு டாக்டர்கிட்ட வாங்க, இல்ல அந்தப் பட்டையைக் கழட்டிட்டுப் பள்ளிக்கூடம் போங்க. தெருவுல கேக்கறவங்களுக்கு என்னால பதில் சொல்ல முடியல." காது மூக்கு தொண்டை டாக்டர் சின்ன வயசுக்காரர். நான் சொன்னதைப் பாதியிலேயே நிறுத்தி, "படுக்கும்போது வருதா, புரளும்போது வருதா, ஒரு நிமிஷத்துக்குள்ள நிக்குதா?" என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு, மேசையிலிருந்து பிளாஸ்டிக் காது ஒன்றை எடுத்தார். நீல நிறத்தில் மூன்று வளையம்.

"ஐயா என்ன வேலை பார்க்கறீங்க?"

"விவசாயம்" என்றேன்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன போட்டிருக்கீங்க?"

"குச்சிக்கிழங்கு. ரெண்டு ஏக்கர்."

"சரி, எளிமையா சொல்றேன்" என்று ஆரம்பித்தார். காதுக்குள் ஒரு சின்னப் பை, அதில் பொடிப்பொடியாகக் கல். மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு இருந்தாலே பெரிய கல். சுண்ணாம்புச் சரக்குதான், கால்சியம் கார்பனேட். (பழைய காலச் சாக்கட்டியும் அதேதான், இப்போது ஜிப்சம் வந்துவிட்டது.) அந்தக் கல் கழன்று வளையத்துக்குள் விழுந்துவிடுகிறது, பெரும்பாலும் பின்பக்க வளையத்தில். புரண்டு படுத்தால் கல் உருளும், கூடவே உள்ளே இருக்கும் நீரும் நகரும். தலை சுற்றுகிறது என்று காது சொல்கிறது, இல்லை என்று கண் சொல்கிறது. கல் படியும் வரைக்கும் இரண்டுக்கும் சண்டை. நான் "அப்படிங்களா" என்று வாய் பிளந்தேன். இதே பாடத்தில் 'சமநிலை உறுப்பு ஆய்வுக்கு 1914-இல் நோபல் பரிசு பெற்றவர் யார்?' என்று ஒரு மார்க் கேள்வி வைக்கிறவன் நான்.

அந்த பாரனியின் கதையைக்கூட ரசித்து ரசித்துச் சொல்வேன். வியன்னாவில் நோயாளியின் காதைப் பீய்ச்சிக் கழுவும்போது தலை சுற்றியது. தண்ணீர் போதுமான சூடு இல்லை என்று நோயாளி குறைபட்டார். சூடு ஏற்றினால் அப்போதும் சுற்றல், ஆனால் கண் எதிர்ப்பக்கம் துடித்தது. அண்டாவில் வெந்நீர் மேலே ஏறி, குளிர்ந்தது கீழே இறங்குகிற மாதிரி காதுக்குள்ளும் நடக்கிறது என்று அவர் பிடித்துவிட்டார். பரிசுச் செய்தி வந்தபோது ரஷ்யர்களிடம் போர்க்கைதி. நோயாளியின் முணுமுணுப்பைக் கேட்டு ஒருவருக்கு நோபல் கிடைத்தது. எனக்கு என் காதே கத்திச் சொல்லியும் கேட்கவில்லை.

டாக்டர் என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் பாதியளவு திருப்பி, சட்டென்று மல்லாத்தினார். தலை கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கியது. சில விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் வெள்ளிமலை விசிறி. "கண்ணை மூடாதீங்க, கண்ணை மூடாதீங்க" என்று என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி ஆட்டுகிற மாதிரி அது துடித்ததாம். மார்கரெட் டிக்ஸும் சார்ல்ஸ் ஹால்பைக்கும் 1952-இல் லண்டனில் எழுதிவைத்த சோதனை இது. துடிப்பு அடங்கியதும் தலையை இடப்பக்கம் திருப்பினார், காத்திருந்தார். பிறகு உடம்போடு ஒருக்களித்து மூக்கு தரையைப் பார்க்கும்படி உருட்டினார், காத்திருந்தார். தூக்கி உட்காரவைத்தார்.

"அவ்வளவுதான்."

"மாத்திரைங்க?"

"மாத்திரை கல்லை நகர்த்தாதுங்க ஐயா."

"ஒரு ஊசியாச்சும்…"

சிரித்தார். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. ஃபீஸ் கொடுக்கும்போது ஏமாந்த மாதிரியே இருந்தது. ஜான் எப்ளி என்ற அமெரிக்க டாக்டர் இந்த உருட்டலை 1980 வாக்கில் சொன்னபோது கூட்டத்தில் இருந்த டாக்டர்களே நம்பவில்லை. கட்டுரை 1992-இல்தான் வந்தது. அவர் மேல் புகார் வேறு போய், 2001-இல்தான் அதிலிருந்து மீண்டார். அந்த டாக்டர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் வரும் வழியில் மெடிக்கலில் இறங்கி அதே மாத்திரையில் ஒரு அட்டை வாங்கினேன். மனைவியிடம் பி-காம்ப்ளெக்ஸ் என்றேன். மறுநாள் காலை வலப்பக்கம் புரண்டேன். விசிறி இருந்த இடத்திலேயே இருந்தது.

இது திரும்ப வரக்கூடியது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். மார்கழியில் வந்தது. நமக்குத்தான் தெரியுமே என்று மொபைலில் ஒரு வீடியோவைப் போட்டு, கட்டிலில் உட்கார்ந்து, அதில் இருந்தவர் திரும்பிய பக்கமே திரும்பினேன். அவர் என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என் கண்ணுக்கு எதிரே இருந்த அவருடைய வலது, எனக்கு இடது. கண்ணாடி பிம்பத்தில் இடவல மாற்றம் ஒன்பதாம் வகுப்புப் பாடம். இடது காதில் ஒரு கோளாறும் இல்லை. அதற்கு வைத்தியம் மூன்று தரம் பார்த்தேன். நாலாம் தரம் மனைவி வந்து, "நீங்க சொன்னது வலது காதுதானே?" என்றாள்.

போன மார்ச் 3, உலக செவித்திறன் தினம். பள்ளியில் கூட்டம். சிறப்பு விருந்தினரை அழைத்து வந்து மேடையேற்றுகிற பொறுப்பு எனக்கு. பெயரைத் தலைமையாசிரியர் கடைசிவரை சொல்லவில்லை. காரிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் பின்வாசல் பக்கம் நகரப் பார்த்தேன். அதற்குள் தலைமையாசிரியர் என் தோளைத் தட்டி, "இவர்தான் எங்க விலங்கியல் ஆசிரியர், காது பாடம்னா இவர்தான்" என்று அறிமுகப்படுத்திவிட்டார். டாக்டர் என் சட்டையில் ஒட்டியிருந்த நீலச் சாக்பீஸ் தூளைப் பார்த்தார். கையைக் குலுக்கினார்.

"நல்லது. கிழங்கு பிடுங்கியாச்சுங்களா?"