விறகட்டியில் காற்றின் பங்கு: காந்தலூரை முன்வைத்து ஓர் ஆய்வு

காந்தளூர்ச் சாலையில் ராஜராஜ சோழன் கலமறுத்தான் என்கின்றன கல்வெட்டுகள். கலம் என்பது கப்பலா, உண்கலமா, ஆவணமா என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். 12 மரக்கால் கொண்ட முகத்தலளவைக்கும் கலம் என்றே பெயர். அதையும் யாராவது கிளப்பினால் இன்னும் இரண்டு முனைவர் பட்டம் தேறும். அந்தச் சாலை திருவனந்தபுரம் பக்கம் இருந்தது என்பது பலரின் துணிபு. மறையூருக்கு மேலே குளிரில் குந்தியிருக்கும் அஞ்சுநாட்டுக் காந்தலூருக்கு அந்தப் புகழில் பங்கில்லை. இங்கே அறுபடுவது விறகு. ஆகவே இவ்வாய்வு.

முதலில் சொல்லாராய்ச்சி. அட்டி என்றால் அடுக்கு. அட்டி என்றால் தடை, மறுப்பு என்றும் பொருள். அட்டி சொல்லாமல் ஒரு அட்டி விறகு வாங்கியவர் உலகில் இல்லை என்பதால் இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. மொழியியலாளர்கள் மறுக்கலாம், அதுவும் அட்டிதான்.

இவ்வட்டாரத்தில் மற்ற பொருள்களுக்கு அளவைச் சிக்கல் இல்லை. பூண்டு கிலோ, மறையூர் சர்க்கரை கிலோ, சந்தனக்கட்டைகூடக் கிலோ. விறகை எடைபோட்டால் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம். பச்சை மரத்தின் எடையில் பாதிவரை நீர்தான். சரி, அட்டியாக அளக்கலாம் என்றால் காற்றுக்குக் காசு. ஐம்பூதங்களில் எதற்குப் பணம் கட்டுவது என்பதை வாங்குபவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

பிரெஞ்சுக்காரர்கள் இதை அலட்சியமாக விடவில்லை. 1795இல் மெட்ரிக் சட்டம் இயற்றியபோது நீளத்துக்கு மீட்டர், நிலத்துக்கு ஆர், நீர்மத்துக்கு லிட்டர், எடைக்கு கிராம் என்று வைத்துவிட்டு, விறகுக்கென்றே தனியாக ஸ்டேர் என்று ஓர் அலகு வைத்தார்கள். ஒரு கன மீட்டர் அடுக்கு ஒரு ஸ்டேர். அரசன் தலையை வெட்டிய கையோடு விறகுக்கும் அளவு கண்ட புரட்சி அது. அமெரிக்கர்கள் 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம் கொண்ட அட்டியைக் கார்டு என்கிறார்கள்: 128 கன அடி.

இனி கணிதம். ஒரே பருமனுள்ள நேரான உருளைகளை நேருக்கு நேர் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தி அடுக்கினால் 78.5 சதவீதம் மரம். மேல்வரிசையைக் கீழ்வரிசைச் சந்துகளில் உட்காரவைத்தால் 90.7. கட்டை பருத்ததா சிறுத்ததா என்பது பொருட்டே அல்ல என்பதுதான் வியப்பு. ஆனால் காந்தலூரின் கிராண்டிஸ் யூகலிப்டஸ் கட்டைகளுக்கு இந்தக் கணிதம் தெரியாது. கணுவும் கோணலும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு மரம் தேறினால் பெரிது.

களஆய்வு: சென்ற மாதம் என் வீட்டுக்கு ஒரு ஜீப் விறகு வந்தது. வண்டியில் மலையாகத் தெரிந்தது, அடுக்கியபின் மேடாகிவிட்டது. கட்டை 2 அடி, உயரம் 4 அடி, நீளம் 6 அடி. 48 கன அடி. அதில் 16 காற்று என்று கணக்கிட்டு, கொண்டுவந்தவரிடம் முறையிட்டேன். “காத்துக்கெல்லாம் நான் காசு வாங்கலண்ணே, அது உங்க வீட்டுக் காத்து” என்றார். இந்த வாதத்துக்கு இன்றுவரை என்னிடம் மறுப்பில்லை.

வாசலில் உட்கார்ந்திருந்த அப்பத்தா இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டியது. ‘டங்’ என்றால் காய்ந்தது, ‘தொம்’ என்றால் ஈரம். வெட்டுமுகத்தில் நட்சத்திரம் போல வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பெருவிரலால் தடவிப் பார்த்தது. பிறகு நான் அடுக்கியதைக் கலைத்து, கோணல் வயிற்றைக் கோணல் முதுகில் பொருத்தி, சந்துகளில் மிலாறு செருகாமலே திரும்ப அடுக்கியது. நீளம் ஐந்தரை அடி! நாலு கன அடிக் காற்றை ஒரு கிழவி வெறுங்கையால் வெளியேற்றியிருக்கிறது. கருவி: இரண்டு கை, ஒரு வெற்றிலை.

இந்த முடிவை உறுதிப்படுத்த மறுநாள் காலை டேப்போடு போனேன். மேல்வரிசை முழுவதும் இல்லை. அது அப்பத்தாவுக்கு வெந்நீராகியிருந்தது.