டேலி ஆனால் போதும்

பிளஸ் டூ முடிவு வந்ததும் மாமா, சித்தப்பா எல்லாரும் கூடி எஞ்சினியரிங், நர்சிங், அக்ரி என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கடைசியில் வந்து நிற்கிற இடம் பி.காம். "ஒண்ணும் கிடைக்கலன்னா இருக்கவே இருக்கு" என்பார்கள். விண்ணப்பம் போட்ட பிறகுதான், நல்ல பெயருள்ள கல்லூரிகளில் அடித்துப் பிடித்து வாங்க வேண்டிய இடமும் அதுதான் என்று தெரியும். எப்படியோ கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டு, ஆறு செமஸ்டர். கணக்கியல் துளியும் தலையில் ஏறாமல் இந்தக் காலத்தைப் பத்திரமாகக் கடக்கும் வழிகளை இங்கே சொல்கிறேன். எதுவும் என் கண்டுபிடிப்பு அல்ல. தலைமுறை தலைமுறையாகப் பின்பற்றிப் பலன் கண்டவை.

பிரிவைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். வெறும் பி.காம். என்றால் கல்யாண வீட்டில் அடுத்த கேள்வி வராது. அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸ், கார்ப்பரேட் செகரட்டரிஷிப் என்று பின்னால் ஒரு வால் இருக்க வேண்டும். வால்களில் உயர்ந்தது சி.ஏ. இங்கே அது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஆனால் "பையன் பி.காம். சி.ஏ. பண்றான்" என்று அம்மா சொல்லும்போது கேட்பவர் காதில் ஆடிட்டர் என்றுதான் விழும். திருத்த வேண்டாம். அசல் சி.ஏ.வுக்கு ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபைனல் என்று மூன்று கட்டம், இடையில் ஆர்ட்டிகிள்ஷிப் என்ற பெயரில் ஓர் ஆடிட்டரிடம் இரண்டு ஆண்டு வேலை. வணிகவியல் பட்டத்தில் 55 சதவீதம் எடுத்தவர் ஃபவுண்டேஷன் எழுதாமலே நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம் என்று ஒரு சலுகையும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர் யாராவது வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரத்திலேயே மூன்று பொன் விதிகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள். பெறுபவர் பற்று, கொடுப்பவர் வரவு. உள்ளே வருவது பற்று, வெளியே போவது வரவு. செலவும் நட்டமும் பற்று, வருமானமும் இலாபமும் வரவு. மனப்பாடம் செய்யுங்கள், ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லா வகுப்பிலும் மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் இருப்பாள். "சார், பணம் வந்தால் டெபிட் என்கிறீர்கள். என் அக்கவுண்டில் ஸ்காலர்ஷிப் விழுந்தால் பேங்கிலிருந்து கிரெடிட் என்று மெசேஜ் வருகிறதே?" என்று கேட்பாள். அந்த மெசேஜ் வங்கி தன் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வது. அந்தப் பணத்தை வங்கிக்குக் கொடுத்து வைத்திருப்பவர் நீங்கள். கொடுப்பவர் வரவு என்ற விதிப்படி அங்கே உங்களைக் கிரெடிட் செய்கிறார்கள். உங்கள் புத்தகத்தில் வங்கிதான் பெறுபவர், ஆகவே டெபிட். ஒரே பணத்துக்கு இரண்டு புத்தகம், இரண்டு பார்வை, அவ்வளவுதான். இது புரிந்துவிட்டால் பாடத்தில் பாதி புரிந்த மாதிரி. மீதி ஐந்தே முக்கால் செமஸ்டரை எப்படித் தள்ளுவது? ஆகவே அந்தப் பெண்ணிடமிருந்து தள்ளி உட்காருங்கள்.

அடுத்தது கோடு போடும் கலை. வணிகவியல் மாணவருக்கு மூளையைவிட முக்கியமானது முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல். ஜர்னலுக்கு ஐந்து பத்திகள்: தேதி, விவரம், எல்.எஃப்., டெபிட், கிரெடிட். இதில் எல்.எஃப். என்பது லெட்ஜர் ஃபோலியோ. பதிவு பேரேட்டில் எந்தப் பக்கத்துக்குப் போயிற்று என்று அதில் எழுத வேண்டும். அந்தப் பத்தியில் ஓர் எண்ணாவது எழுதிய மாணவரை நான் பார்த்ததில்லை. மூன்று ஆண்டும் ஆசையாகக் கோடு போட்டு வெறுமையாகவே விட்டுவைப்போம். நோட்டில் அழகாக இருக்கும். ஒவ்வொரு பதிவின் கீழும் அடைப்புக்குறி போட்டு 'பீயிங்' என்று தொடங்கி ஒரு விளக்கம் எழுதுவது மரபு. 'பீயிங்' என்பதற்கு இங்கே என்ன வேலை என்று ஆங்கிலப் பேராசிரியரைக் கேட்டுவிடாதீர்கள், அவருக்கும் சங்கடம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ட்ரையல் பேலன்ஸ். தேர்வு முடியப் பத்து நிமிடம் இருக்கிறது. டெபிட் 2,84,650, கிரெடிட் 2,84,560. பழைய கணக்குப்பிள்ளையாக இருந்தால் வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பார்ப்பார். மீதமில்லாமல் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம், 540ஐ 450 என்று எழுதியதுபோல. இரட்டைப்படை வித்தியாசமாக இருந்தால் அதில் பாதித் தொகையைத் தேடுவார். டெபிட்டில் இருக்க வேண்டியது கிரெடிட்டில் போய் உட்கார்ந்திருக்கும். உங்களுக்கு இந்தத் துப்பறியும் வேலை எதற்கு? சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று எழுதி 90ஐப் போடுங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அதுவே அனாமத்துக் கணக்கு. டேலி ஆகிவிட்டது. டேலி ஆன விடைத்தாளைப் பார்த்தால் திருத்துபவரின் முகம் மலரும்.

டேலி ஆனதெல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்பது இந்தப் பாடத்தின் பெரிய வசதி. ஒரு பில்லை அடியோடு எழுதாமல் விட்டால் இரு பக்கமும் சமமாகத்தான் வரும். குமார் கொடுத்த பணத்தைச் சுரேஷ் கணக்கில் வரவு வைத்தாலும் சமம். இயந்திரம் ரிப்பேர் செய்த செலவை இயந்திரம் வாங்கியதாக எழுதினாலும் சமம். இலாபம் அந்த அளவுக்குக் கூடுதலாகத் தெரியும், முதலாளிக்கும் சந்தோஷம். இரண்டு தப்புகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம். இவற்றை 'ட்ரையல் பேலன்ஸ் காட்டிக்கொடுக்காத பிழைகள்' என்று ஐந்து மதிப்பெண் கேள்வியாகக் கேட்பார்கள். தலைப்புகளை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். அர்த்தம் யோசித்தால் ராத்திரி தூக்கம் வராது.

சாய்ஸில் விட்டுவிட ஏற்ற பாடம் பேங்க் ரீகன்சிலியேஷன். நம் ரொக்க ஏட்டில் வங்கி இருப்பு இவ்வளவு, வங்கி தரும் ஸ்டேட்மென்டில் இவ்வளவு, ஏன் வேறுபடுகிறது என்று வரிவரியாகப் பொருத்திப் பார்க்கும் சலிப்பூட்டும் வேலை. கொடுத்த காசோலை இன்னும் பாஸாகவில்லை, வங்கி பிடித்த கட்டணத்தை நாம் எழுதவில்லை, இப்படி. இது தெரியாமல் என்ன குடி முழுகிவிடும் என்று யாராவது கேட்டால் சத்யம் கம்ப்யூட்டர்ஸைக் காட்டுங்கள். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். அந்த நிறுவனத்தின் பேலன்ஸ் ஷீட்டும் இரு பக்கம் சமமாகத்தான் இருந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் வங்கி இருப்பையே சரியாகப் பொருத்திப் பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் ஓட்ட முடிந்திருக்கிறது. நீங்கள் ஓர் அத்தியாயத்தை விடக் கூடாதா?

பார்ட்னர்ஷிப்பில் பயப்பட ஒன்றுமில்லை. ஏ, பி, சி என்று மூவர் இருப்பார்கள். சி எப்படியும் திவாலாவார். அவருடைய பள்ளத்தை மற்ற இருவரும் இலாபம் பிரிக்கிற விகிதத்தில் அடைப்பதா, மூலதன விகிதத்தில் அடைப்பதா என்பதுதான் சண்டை. மூலதன விகிதத்தில் என்று கார்னர் எதிர் முர்ரே வழக்கில் நூற்றிருபது ஆண்டுக்கு முன்பே லண்டனில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அதைவிட உருப்படியான செய்தி ஒன்று 1932ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது: ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால் யார் எவ்வளவு போட்டிருந்தாலும் இலாபத்தில் எல்லாருக்கும் சம பங்கு. நண்பனோடு சேர்ந்து டீக்கடை வைக்கும் திட்டமிருந்தால் இந்த வரியை மறந்துவிடுவது நட்புக்கு நல்லது.

தீ விபத்துக் கணக்குகள் எனக்குப் பிடித்தவை. கிடங்கு முழுக்க எரிந்து சாம்பலாகும்; கணக்குப் புத்தகங்கள் மட்டும் காப்பாற்றப்படும். எந்தப் பதிப்பகத்தின் புத்தகத்தை எடுத்தாலும் தீக்கு இந்த மரியாதை தெரிந்திருக்கும். ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்கை 60,000க்கு மட்டும் இன்ஷூர் செய்தவருக்கு 50,000 ரூபாய்ச் சரக்கு எரிந்தால் கையில் கிடைப்பது 30,000தான். ஆவரேஜ் கிளாஸ் என்று பெயர். ஃபார்முலாவை எழுதி மார்க்கை வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவுக்குக் கடை இருந்தால் அவரிடம் இதைப் பற்றி வாய் திறக்காதீர்கள். பாலிசியை எடுத்துவந்து படித்துச் சொல் என்பார், ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

வருமான வரிக்கு சீனியரின் பழைய நோட்டு போதும் என்ற அறிவுரை காலங்காலமாக உண்டு. அதை இப்போதும் பின்பற்றுங்கள், விளைவு சுவாரசியமாக இருக்கும். பிரீவியஸ் இயருக்கும் அசெஸ்மென்ட் இயருக்கும் என்ன வேறுபாடு என்ற இரண்டு மதிப்பெண் கேள்வியை வைத்தே கரையேறிய தலைமுறைகள் உண்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததில் அந்த இரண்டும் போய் வரி ஆண்டு என்று ஒன்றே ஒன்று ஆகிவிட்டது. சீனியர் ராத்திரி கண்விழித்துப் பச்சை மையில் அடிக்கோடிட்ட பிரிவு எண்களும் அதோடு போயின. நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அவரிடம் சொல்ல வேண்டாம், பாவம்.

கடைசி ஆண்டில் தெருமுனை சென்டரில் டேலி கற்றுக்கொள்ளுங்கள். எஃப்5 என்றால் பேமென்ட், எஃப்6 ரிசீட், எஃப்8 சேல்ஸ். இன்டர்வியூவில் கேட்பார்கள். சென்டருக்குப் போன பிறகு ஒரு சின்ன அதிர்ச்சி காத்திருக்கும். டெபிட்டும் கிரெடிட்டும் சமமாகாத வவுச்சரை அந்த மென்பொருள் சேமிக்கவே விடாது. மூன்று ஆண்டு நீங்கள் பாடுபட்டுப் பழகிய அந்த ஒரு திறமையை அது கேட்காமலே செய்துவிடுகிறது. மனம் தளர வேண்டாம். தப்பான லெட்ஜரைத் தேர்ந்தெடுத்தால் அதற்குத் தெரியாது. ரிப்பேரை இயந்திரம் என்று போட்டால் சமர்த்தாக ஏற்றுக்கொள்ளும். அந்த வேலைக்கு இன்னும் ஆள்தான் வேண்டியிருக்கிறது.

பட்டம் வாங்கியதும் ஊரிலுள்ள ஏதாவது ஓர் ஆடிட்டர் ஆபீஸில் சேர்வீர்கள். தொடக்கச் சம்பளத்தைச் சொல்லி உங்களை நோகடிக்க விரும்பவில்லை. முதல் நாள் காலை சார் உங்களைக் கூப்பிட்டு, மளிகைக் கடைக்காரர் ஒருவரின் பேங்க் ஸ்டேட்மென்டைக் கையில் திணித்து, "தம்பி, இதை டேலியில இருக்கிற பேங்க் லெட்ஜரோட ஒப்பிட்டு ரீகன்சிலியேஷன் போட்டுடு, மத்தியானத்துக்குள்ள வேணும்" என்பார். பதறாதீர்கள். "சரி சார்" என்று சொல்லிவிட்டு மாடிப்படிக்கு வந்து, அந்த அத்தியாயத்தை யாராவது படித்தீர்களா என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேளுங்கள். உங்களுக்கு முன்பே நாலு பேர் அதையே கேட்டிருப்பார்கள். மூன்றாவது பெஞ்சுக்காரி குழுவை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகியிருக்கும்.