பிழை எந்த வரியில்?

கே: வி.எஸ். கோடில் சி நிரல் எழுதுகிறேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் டெர்மினலில் ஜிசிசி கட்டளையைத் தட்ட வேண்டியிருக்கிறது. சுருக்கு வழி உண்டா?

ப: உண்டு. டெர்மினல் மெனுவில் ‘கான்ஃபிகர் டிஃபால்ட் பில்ட் டாஸ்க்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு ஜேசன் கோப்பு உருவாகும். உங்கள் கட்டளையை அதில் ஒரு முறை எழுதினால் போதும். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், பி. ஆனால் தட்டுவது குறைவது சின்ன லாபம்தான். அந்தக் கோப்பில் உள்ள ‘பிராப்ளம் மேட்சர்’ வரியை மட்டும் அழித்துவிடாதீர்கள். கம்பைலர் கொட்டும் செய்தியிலிருந்து கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் பிரித்தெடுப்பது அதுதான். எஃப்8 அழுத்தினால் பிழை உள்ள வரியில் கர்சர் போய் நிற்கும். வரி எண்ணைக் கண்ணால் தேடும் வரை உங்கள் எடிட்டர் வெறும் டைப்ரைட்டர்தான்.

கே: கம்பைல், ரன் இரண்டையும் ஒரே கட்டளையில் கோக்கலாமா?

ப: பாஷ் என்றால் நடுவில் இரண்டு ஆம்பர்சண்ட் போட்டுக் கோக்கலாம். அரைப்புள்ளி வேண்டாம். அதைப் போட்டால், கம்பைல் தோற்றாலும் பழைய நிரல் ஓடும். திருத்தியும் விடை மாறவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். பெல் ஆய்வகத்தில் ஒருவருக்கு இப்படியே ஒரு காலைப்பொழுது போயிற்று. பிழையைத் திருத்தியவர் அந்தக் கோப்பை மறுபடி கம்பைல் செய்யவில்லை. சரியான நிரலில் பிழை தேடிக்கொண்டிருந்தார். அவர் புலம்பலைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-ல் எழுதியதுதான் ‘மேக்’. கோப்புகள் மாறிய நேரத்தைப் பார்த்து, தேவையானதை மட்டும் அது கம்பைல் செய்யும். நிரல் இரண்டு கோப்பைத் தாண்டினால் மேக்ஃபைல் எழுதிவிடுங்கள். எடிட்டரின் டாஸ்க்கில் ‘மேக்’ என்ற ஒரு சொல் இருந்தால் போதும். நாளை எடிட்டரை மாற்றினாலும் வேலை நிற்காது.

கே: எழுதினேன். ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்கிறதே?

ப: கட்டளை வரி டேபில் தொடங்க வேண்டும். நீங்கள் இடைவெளி விட்டிருக்கிறீர்கள்.

கே: விம் எடிட்டரில் இதெல்லாம் நடக்குமா?

ப: பல காலமாக நடக்கிறது. முக்காற்புள்ளி போட்டு ‘மேக்’ என்று அடியுங்கள். பிழைகள் ‘குவிக்ஃபிக்ஸ்’ பட்டியலில் சேரும், கர்சர் முதல் பிழைக்குத் தாவும். அடுத்ததற்கு ‘சிஎன்’, முந்தையதற்கு ‘சிபி’. அமிகா கணினிக்கான மேங்க்ஸ் சி கம்பைலரிலிருந்து வந்த யோசனை இது. விம்மை உருவாக்கிய பிராம் மூலனார் 2023-ல் மறைந்தார். அவர் கொடுத்த இந்த வசதி எத்தனை பேரின் மாலைப்பொழுதைக் காப்பாற்றியிருக்கும்!

கே: “எங்க காலத்துல டர்போ சி-யில கண்ட்ரோல் எஃப்9 போதும்” என்கிறார் அப்பா.

ப: உண்மையைத்தான் சொல்கிறார். டர்போ சி-யை வெளியிட்ட அதே போர்லண்ட் நிறுவனம் 1983-ல் டர்போ பாஸ்கலை 49.95 டாலருக்கு விற்றது. எடிட்டரும் கம்பைலரும் ஒன்றாக வந்தன. பிழை என்றால் கர்சர் நேரே அங்கே போய் நின்றது. நீங்கள் டாஸ்க் எழுதி வரவழைப்பது, அப்பாவுக்குப் பெட்டியைப் பிரித்ததுமே கிடைத்தது. ஆனால் இன்றைய சி-யைப் பழக ஜிசிசி-யே நல்லது. ஆல்ட் எஃப்5 எதற்கு என்று மட்டும் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். விடையைப் பார்க்கும் கறுப்புத் திரை அவருக்கு நிச்சயம் ஞாபகம் வரும்.